எந்த அரசையும் சேராத அரசுப்பணி

பன்னாட்டு அமைப்புகளில் வேலை என்பது ஒரு வகையில் அரசு உத்தியோகம்தான்; ஆனால் எந்த நாட்டு அரசின் உத்தியோகமும் அல்ல. ஐக்கிய நாடுகள் சபையின் சாசனம் இதை இரண்டு பிரிவுகளில் சொல்லிவிடுகிறது. 100ஆம் பிரிவின்படி, சபையின் அலுவலர்கள் எந்த அரசிடமும் உத்தரவு கேட்கக் கூடாது, பெறவும் கூடாது. உறுப்பு நாடுகளும் அவர்களை வளைக்க முயலக் கூடாது. ஆளெடுக்கும்போது திறமை, தகுதி, நேர்மை ஆகியவையே முதன்மை என்கிறது 101ஆம் பிரிவு. இயன்றவரை பல நாட்டவருக்கும் இடம் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளவும் சொல்கிறது. ஆகவே இந்தியர் ஒருவர் அங்கே சேர்ந்தால் இந்தியாவின் பிரதிநிதியாகச் சேர்வதில்லை. தூதரகத்தில் இருப்பவர் இந்தியாவுக்காகப் பேசுகிறவர், ஐ.நா. அலுவலகத்தில் இருப்பவர் 193 உறுப்பு நாடுகளுக்கும் பொதுவானவர்.

அந்தச் சாசனத்தில் 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர்கள் ஆற்காடு ராமசாமி முதலியாரும் வி.டி. கிருஷ்ணமாச்சாரியும். அடுத்த ஆண்டு ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றம் கூடியபோது அதன் முதல் தலைவரானார் ராமசாமி முதலியார். அவருடைய இரட்டைச் சகோதரர் மருத்துவர் லட்சுமணசாமி முதலியார், உலக சுகாதார நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் தொடக்க காலத்திலேயே இடம்பெற்று, 1961இல் உலக சுகாதாரப் பேரவையின் தலைவராகவும் இருந்தார். செட்டிநாட்டு நகரமான காரைக்குடிக்கு இவரோடு தொடர்பு உண்டு. 1947இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த அவர், கல்லூரிகள் தொடங்கச் செல்வந்தர்கள் முன்வர வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் கேட்டார். கூட்டத்தில் இருந்த தொழிலதிபர் அழகப்ப செட்டியார் அந்த இடத்திலேயே காரைக்குடிக்கு ஒரு கல்லூரி என்று அறிவித்து, அதே ஆண்டில் அதைத் தொடங்கியும் விட்டார். அந்த விதையிலிருந்து வளர்ந்ததுதான் 1985இல் உருவான அழகப்பா பல்கலைக்கழகம். பன்னாட்டு அமைப்புகளுக்கு அடித்தளம் போட்டவர்களில் தமிழர்கள் உண்டு. அங்கே ஆளெடுக்கும் முறை மட்டும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பன்னாட்டு அமைப்புகளில் இரண்டு வகை உண்டு. பெரும்பாலானவை அரசுகள் கூடி நடத்துபவை: ஐ.நா., ஜெனீவாவில் உள்ள உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும், பாரீஸில் யுனெஸ்கோ, ரோமில் உணவு வேளாண்மை அமைப்பு, வாஷிங்டனில் உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும், மணிலாவில் ஆசிய வளர்ச்சி வங்கி, பெய்ஜிங்கில் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி. இன்னொரு வகை, உறுப்பு நாடுகளின் அதிகாரத்தில் ஒரு பகுதியையே தன்னிடம் வாங்கிக்கொண்டு, அந்நாட்டு மக்கள் மீது நேரடியாகச் சட்டம் செலுத்தக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் அப்படிப்பட்டது. அதன் நிரந்தரப் பணிகள் பொதுவாக ஒன்றியக் குடிமக்களுக்கே உரியவை. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் புதுச்சேரித் தமிழர் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் காரைக்குடிக்காரர் முடியாது. மற்ற அமைப்புகளில் இந்தியா உறுப்பினராக இருப்பதால் அவருக்கு வழி திறந்தே இருக்கிறது.

வழி திறந்திருந்தும் பலர் தவறுவது முதல் படியிலேயே. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞருக்குப் பழக்கமானது டி.என்.பி.எஸ்.சி. முறை: அறிவிக்கை வரும், லட்சக்கணக்கானோர் ஒரே நாளில் எழுதுவார்கள், தரவரிசை வெளியாகும், கலந்தாய்வில் துறை கிடைக்கும். பன்னாட்டு அமைப்புகளில் இது ஏறத்தாழ இல்லை. அங்கே ஒவ்வொரு இருக்கைக்கும் தனி அறிவிப்பு. இந்த ஊரில், இந்தப் பிரிவில், இந்த வேலையைச் செய்ய ஒருவர் தேவை என்று எழுதி, அதற்கு வேண்டிய பட்டம், அனுபவ ஆண்டுகள், மொழிகள் ஆகியவற்றையும் குறிப்பிட்டிருப்பார்கள். வந்த விண்ணப்பங்களைச் சலித்து, தேர்ந்தவர்களுக்கு எழுத்துத் தேர்வு வைத்து, பிறகு நேர்காணல் நடத்துவார்கள். அறிவிப்பிலிருந்து நியமனம் வரை பல மாதங்கள் ஓடிவிடும். ஒரே விண்ணப்பத்தை நாற்பது இடங்களுக்கு அனுப்புகிறவருக்கு நாற்பது மௌனங்களே பதிலாகக் கிடைக்கும். அறிவிப்பின் ஒவ்வொரு வரிக்கும் தன் அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறவர்தான் நேர்காணல் வரை போகிறார்.

பதவிகளின் படிநிலையைத் தெரிந்துகொண்டால் எந்த அறிவிப்பைப் படிப்பது, எதைத் தள்ளுவது என்பது விளங்கும். உலகெங்கிலுமிருந்து ஆளெடுக்கும் அலுவலர் பதவிகளுக்கு 'பி' என்ற எழுத்து. முதுகலைப் பட்டத்தோடு இரண்டாண்டு அனுபவம் இருந்தால் பி-2, ஐந்தாண்டு இருந்தால் பி-3, ஏழாண்டு என்றால் பி-4, பத்தாண்டு என்றால் பி-5. அதற்கு மேல் இயக்குநர்களுக்கான டி-1, டி-2. இளங்கலைப் பட்டம் மட்டும் உள்ளவர் கூடுதலாக இரண்டாண்டு அனுபவம் காட்டினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். அனுபவம் என்பது படிப்பு முடிந்த பின் சம்பளத்துக்குச் செய்த, அந்தத் துறைக்குப் பொருந்தும் வேலை. கல்லூரி முடித்த கையோடு பி-3க்கு விண்ணப்பிப்பது நேர விரயம்.

இதற்கு இணையாக இன்னும் இரண்டு வரிசைகள் உள்ளன. 'ஜி' என்பது கணக்கு, நிர்வாகம், பயண ஏற்பாடு, தகவல் தொழில்நுட்ப உதவி போன்ற பணிகள். இவற்றுக்கு அந்தந்த நாட்டிலேயே ஆளெடுப்பார்கள். 'தேசிய அலுவலர்' என்பது பி பதவிக்கு நிகரான வேலையைச் சொந்த நாட்டிலேயே செய்வது. அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும் உரியது. கனவு காண்பவர்கள் நியூயார்க்கையும் ஜெனீவாவையும் பார்த்துக்கொண்டிருக்க, இந்த இரண்டு வரிசைகளும் கண்ணில் படாமலே போகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய மண்டலத் தலைமையகம் புது தில்லியில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்குமான யுனிசெஃப் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. சர்வதேச சூரிய சக்திக் கூட்டமைப்பின் தலைமையகம் குருகிராமிலும், வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் இக்ரிசாட் ஹைதராபாத்துக்கு அருகே பட்டாஞ்சேருவிலும் உள்ளன. தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்து, மாவட்ட நிர்வாகம் எப்படி இயங்குகிறது என்று அறிந்த ஒருவர் சென்னை அலுவலகத்துக்குப் பயன்படும் அளவுக்கு வெளிநாட்டுப் பட்டதாரி பயன்பட மாட்டார்.

அனுபவம் இல்லாதவர்களுக்கு என்ன வழி? ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. தன்னார்வலர் திட்டம் ஒன்று. பெயரில் தன்னார்வம் இருந்தாலும் மாதந்தோறும் வாழ்க்கைச் செலவுத் தொகை உண்டு. 18 வயது நிரம்பியவர்கள் சேரலாம். சொந்த நாட்டிலேயே பணியாற்றும் இடங்களும் உண்டு. ஒய்.பி.பி. என்று சுருக்கிச் சொல்லப்படும் இளம் அலுவலர் தேர்வு, அங்குள்ள முறைகளில் நம் போட்டித் தேர்வுக்கு நெருக்கமானது. 32 வயதுக்கு மேற்படாத பட்டதாரிகளுக்கானது. ஆனால் ஐ.நா. பணியில் போதிய ஆட்கள் இல்லாத நாடுகளுக்கு மட்டுமே அது நடக்கிறது. அந்தப் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எனவே அந்தந்த ஆண்டின் பட்டியலில் இந்தியா இருக்கிறதா என்று பார்த்த பிறகே தயாரிப்பில் இறங்க வேண்டும். பயிற்சிப் பணியைப் பொறுத்தவரை, ஐ.நா. தலைமைச் செயலகம் பயிற்சியாளர்களுக்குப் பணம் தருவதில்லை. நியூயார்க்கில் சொந்தச் செலவில் சில மாதம் தங்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகளுக்கே அது சாத்தியம் என்ற குறை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது, நியாயமான குறைதான். உலக சுகாதார நிறுவனம், தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் போன்றவை உதவித்தொகை தருகின்றன. நடுத்தரக் குடும்பத்து மாணவர் அவற்றையே முதலில் பார்ப்பது நல்லது.

இருந்தாலும், உச்சிக்குப் போன தமிழர்களைக் கவனித்தால் அவர்கள் இளம் வயதில் இந்தக் கதவுகள் வழியாக நுழைந்தவர்கள் அல்லர். ஸ்ரீரங்கத்தில் பிறந்த சி.வி. நரசிம்மன் ஐ.சி.எஸ். அதிகாரியாக இந்தியாவில் பணியாற்றிவிட்டு, 1956இல் பாங்காக்கில் இருந்த ஆசியப் பொருளாதார ஆணையத்தின் செயலராகி, பிறகு நியூயார்க்கில் பொதுச்செயலாளர் ஊ தாண்டின் தலைமை உதவியாளராக இருந்தார். 1966இல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐ.நா. பொதுச்சபை மண்டபத்தில் பாடியதன் பின்னணியிலும் அவர் உண்டு. டர்பனில் ஒரு தமிழ்ப் பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்த நவி பிள்ளை பல்லாண்டுகள் வழக்கறிஞராக நிறவெறி அரசை எதிர்த்து வாதாடியவர்; அதன் பிறகே ருவாண்டா தீர்ப்பாயத்தின் நீதிபதியாகவும், 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராகவும் ஆனார். சௌமியா சுவாமிநாதன் சென்னையில் காசநோய் ஆய்வில் பெயர் பெற்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்குத் தலைமை தாங்கி, 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியானார். மூவருக்கும் முதலில் ஒரு தொழில் இருந்தது; அந்தத் தொழிலில் பெயர் வந்தது; பன்னாட்டுப் பதவி அதற்குப் பின்னால் வந்தது.

எனவே எந்தத் தொழில் என்பதுதான் அடிப்படைக் கேள்வி. காரைக்குடியிலேயே இதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் வேதி, மின்வேதிப் பொறியியலில் பி.டெக். படிப்பு நடக்கிறது. ஹேக் நகரில் உள்ள வேதி ஆயுதத் தடை அமைப்பு தொழிற்சாலைகளைச் சோதிக்க வேதிப் பொறியாளர்களை ஆய்வாளர்களாக எடுக்கிறது. அங்கே யாராக இருந்தாலும் பொதுவாக ஏழாண்டுக்கு மேல் பணியில் நீடிக்க முடியாது, ஆகவே இடங்கள் அடிக்கடி காலியாகும். வியன்னாவில் உள்ள அணுசக்தி முகமைக்கும் அபுதாபியில் உள்ள புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமைக்கும் இதே படிப்பு பொருந்தும். இன்னொரு பக்கம், தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுதி என்ற பெயரில் செட்டிநாடு 2014 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத்துக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல்லும் முட்டை வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சும் எப்படிப் பாழாகின்றன, எப்படிக் காக்கப்படுகின்றன என்று ஆவணப்படுத்தத் தெரிந்த கட்டடக்கலைப் பட்டதாரியிடம் அத்துறைக்கு வேண்டிய அனுபவம் உள்ளூரிலேயே சேர்ந்துவிடும். கணக்குப் படித்தவர்களுக்கும் இடமுண்டு: இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஐ.நா. தணிக்கைக் குழுவில் 2014 முதல் 2020 வரை இருந்தார், உலக சுகாதார நிறுவனத்தின் வெளித் தணிக்கையாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தத் தணிக்கைகளுக்குச் சென்றவர்கள் இந்தியத் தணிக்கைத் துறையின் அலுவலர்களே.

பணி நிரந்தரம் என்ற எண்ணத்தையும் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். ஓராண்டுக்கும் குறைவான தற்காலிக நியமனம், ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரையிலான தவணை நியமனம், அதற்கும் மேலே தொடர் நியமனம் என மூன்று வகை உண்டு. பெரும்பாலோர் தவணையிலேயே இருக்கிறார்கள். செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. கொண்டுவிக்க, அதாவது வணிகத்துக்குக் கடல் கடந்து, போன காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சைகோனுக்கும் அனுப்பிய ஏஜெண்டை மூன்றாண்டுத் தவணைக்கே அமர்த்தினார்கள். சம்பளம் எழுதி, முன்பணம் கொடுத்து, தவணை முடிந்ததும் ஊர் திரும்பிக் கணக்கு ஒப்படைத்த பின்பே அடுத்த பயணம். பெட்டியடிப் பையனாகப் போனவர் அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்ததும் இப்படித்தான். ஒரே வேறுபாடு, அன்று ஆளை நம்பிச் சேர்த்தது பங்காளியும் சம்பந்தியும். இன்று பொது அறிவிப்பு.

சம்பளம் 'நோபிள்மேர் கோட்பாடு' என்ற விதிப்படி அமைகிறது: உலகிலேயே அதிகச் சம்பளம் தரும் தேசிய அரசுப்பணியோடு ஒப்பிட்டே பி பதவிகளுக்கு ஊதியம். இப்போது ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது அமெரிக்க மத்திய அரசுப்பணி. அடிப்படைச் சம்பளத்தோடு ஊருக்கு ஊர் மாறும் ஈட்டுத்தொகை, பிள்ளைகளின் கல்விக்கு மானியம், கடினமான ஊர்களுக்குத் தனிப்படி ஆகியவை சேரும். இந்தியாவில் ஐ.நா. அலுவலரின் சம்பளத்துக்கு 1947ஆம் ஆண்டின் சலுகைச் சட்டப்படி வருமான வரி இல்லை. ஓய்வூதிய நிதியில் ஐந்தாண்டு சந்தா செலுத்தியவருக்கு ஓய்வூதிய உரிமை வரும். ஓய்வு வயது 65.

ஐ.நா.வுக்கு ஆறு அலுவல் மொழிகள். தலைமைச் செயலக வேலை நடப்பது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கும் இடம் உண்டு. ஆப்பிரிக்காவில் பல பதவிகளுக்குப் பிரெஞ்சு கேட்கப்படுவதால் அதைப் படிப்பவருக்குப் போட்டி குறைகிறது.

இப்போது காலம் சாதகமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2025இல் அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அறிவித்து, பிற ஐ.நா. அமைப்புகளுக்கான நிதியையும் வெட்டியது. அதே ஆண்டு மார்ச்சில் 'ஐ.நா. 80' என்ற சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. பதவிகள் குறைக்கப்படுகின்றன, பல அலுவலகங்கள் செலவு குறைந்த நகரங்களுக்கு மாற்றப்படுகின்றன. நன்கொடையை நம்பியிருக்கும் நிவாரண அமைப்புகளை விட, கடன் கொடுத்து வட்டி வாங்கி நடக்கும் வளர்ச்சி வங்கிகள் இந்த நெருக்கடியில் நிலையாக நிற்கின்றன. மணிலாவையும் பெய்ஜிங்கையும் நோக்கி விண்ணப்பங்கள் கூடுவது இயல்பு.

இடங்கள் குறையும் காலத்தில் மோசடிகள் பெருகும். ஐ.நா. அமைப்புகள் விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி, மருத்துவச் சோதனை என எந்தக் கட்டத்திலும் விண்ணப்பதாரரிடம் கட்டணம் வாங்குவதில்லை. வங்கிக் கணக்கு விவரமும் கேட்பதில்லை. விண்ணப்பதாரரிடம் பணம் வாங்கும் முகவர் மூலம் ஆளெடுப்பதும் கிடையாது. நீலச் சின்னத்தோடு நியமனக் கடிதம் அனுப்பி, விசா செலவுக்கு என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அந்தக் கடிதம் போலி. உண்மையான அறிவிப்பு அமைப்பின் சொந்த இணையதளத்தில் இருக்கும். அங்கே இல்லாத பதவி எங்கேயும் இல்லை. பணம் ஏற்கெனவே கைமாறியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம்.