திரையில் 128 ஜிபி காட்டினால் போதுமா?

ஆப்பிள் நிறுவனத்தின் 2010 மேக் ப்ரோவைப் பக்கவாட்டில் திறந்தால், அடியில் ஒரு தட்டு. பிராசஸர், ரேம் எல்லாம் அதில்தான். கொக்கியை விடுவித்து இழுத்தால் அப்படியே கையோடு வந்துவிடும். இரட்டைப் பிராசஸர் மாடலில் எட்டு ரேம் ஸ்லாட்கள். ஸ்லாட்டுக்கு 8 ஜிபி வீதம் 64 ஜிபி என்பது ஆப்பிள் சொன்ன உச்சவரம்பு. ஆனால், 16 ஜிபி ரேம்கள் புழக்கத்துக்கு வந்ததும் எட்டு ஸ்லாட்டிலும் அவற்றைச் செருகிப் பார்த்தவர்களுக்கு 128 ஜிபி கிடைத்தது.

இது சாத்தியமானதற்குக் காரணம் உண்டு. ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி அந்தத் தலைமுறை இன்டெல் ஜியான் பிராசஸருக்கு உள்ளேயே இருக்கிறது. ஒரு பிராசஸர் 288 ஜிபி வரை கையாளும் என்பது இன்டெல் தரும் கணக்கு. கணினி நிறுவனமோ, அன்றைக்குத் தன் கையில் இருந்த ரேமை வைத்து வரம்பைச் சொல்கிறது. மென்பொருள்தான் சற்றுப் பின்தங்கியது. 2013-இல் மேவரிக்ஸ் பதிப்பு வரும்வரை மேக் இயங்குதளம் 96 ஜிபிக்கு மேல் பயன்படுத்தவில்லை.

திரையில் 128 என்று வந்ததும் மூடியைப் பூட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு ரேமிலும் மிளகளவுச் சில்லு ஒன்று இருக்கும். அந்த ரேமின் கொள்ளளவு, வேகம் முதலிய விவரங்கள் அதில் எழுதப்பட்டிருக்கும். கணினி முதலில் படிப்பது அதைத்தான். தொடக்கத்தில் நடக்கும் பரிசோதனையும் மேலோட்டமானதே. ரேமின் மூலைமுடுக்கெல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்கு அந்த எண் உத்தரவாதம் ஆகாது.

மூலைமுடுக்கு என்றால் எத்தனை? 128 ஜிபி என்பது ஒரு லட்சம் கோடிக்கும் அதிகமான பிட்கள். ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு நுண்ணிய மின்தேக்கி. ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்டு 1966-இல் கண்ட அமைப்பு இது. தேக்கிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், 64 மில்லிவிநாடிக்குள் ஒவ்வொரு பிட்டையும் படித்துத் திரும்ப எழுத வேண்டும். சூடு கூடினால் கசிவும் கூடும். 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்த அவகாசம் பாதியாகிவிடும். ஆகவே, மூடியைத் திறந்துபோட்டு நடத்தும் சோதனையை நான் சோதனையாகவே எண்ணுவதில்லை. எட்டு ஸ்லாட்டும் நிரம்பி, மூடி மூடியபடி, வேலை பார்க்கும் அறையின் வெப்பத்திலேயே ஓட வேண்டும்.

சோதனை நிரலை பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓடவிடுவது நல்லது. இயங்குதளம் ஏறிவிட்டால் ரேமில் ஒரு பகுதியை அதுவே பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தைச் சோதிக்க முடியாது. 1994-இல் கிறிஸ் பிரேடி எழுதத் தொடங்கிய மெம்டெஸ்ட்86 இப்படித்தான் வேலை செய்கிறது. அதன் ஒரு முறை எளிமையானது, ஆனால் கூர்மையானது. ரேம் முழுக்க ஒரே வடிவத்தை எழுதும். பிறகு கீழிருந்து மேலாக ஒவ்வொரு இடத்தையும் படித்துச் சரிபார்த்து, 0 இருந்த இடத்தில் 1, 1 இருந்த இடத்தில் 0 என்று தலைகீழாக்கி எழுதும். அடுத்து மேலிருந்து கீழாக அதே வேலை. பக்கத்துப் பிட்டில் எழுதும்போது தன் மதிப்பை இழக்கிற பிட் இதில் மாட்டிக்கொள்ளும். 128 ஜிபிக்கு இதற்குப் பல மணி நேரம் ஆகும். ஒரு சுற்றோடு நிறுத்தாமல் இரவு முழுவதும் விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேம் தேறவில்லை என்றுதான் பொருள்.

மேக் ப்ரோவில் இன்னொரு சிக்கல் உண்டு. அதில் போடுவது ஈசிசி ரேம். 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிட் தவறினால் தானே திருத்திக்கொள்ளும்; இரண்டு தவறினால் கண்டுபிடித்துச் சொல்லும். 1950-இல் ரிச்சர்டு ஹாமிங் வெளியிட்ட கணித முறையின் வழிவந்தது இது. அருமையான பாதுகாப்புதான். ஆனால், பழுதான ரேமும் திருத்தத்தின் தயவில் தேர்ச்சி பெற்றுவிடலாம். எனவே, திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கையையும் பார்த்தாக வேண்டும். கூகுள் தன் சர்வர்களை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம்களில் இத்தகைய பிழைகள் தென்பட்டன.

பிழை வந்தால் உடனே ரேமைத் தூக்கி எறிய வேண்டாம். ஸ்லாட்டை மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். பிழை ரேமோடு போனால் ரேம்தான் கெட்டது. அதே ஸ்லாட்டில் நின்றால் தூசி, ஸ்லாட், தட்டு என்று வேறிடத்தில் தேட வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஒரு பிராசஸருக்கு ஸ்லாட் நான்கு, ஆனால் ரேமோடு பேசும் தடமான சேனல் மூன்றுதான். மூன்றாவது, நான்காவது ஸ்லாட்கள் ஒரே சேனலைப் பங்கிடுகின்றன; நான்கும் நிரம்பினால் வேகம் சற்றுக் குறையலாம். 128 கட்டாயம் என்றால் ஒழிய, பிராசஸருக்கு மூன்றாக ஆறு ரேம் போட்டு 96 ஜிபியோடு நிற்பதே என் தேர்வு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 16 ஜிபி ரேம்களில் பெரும்பாலானவை பழைய சர்வர்களிலிருந்து கழற்றியவை. மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள்.