பருப்பை வேகவைக்கும் டையோடு

சித்திரை மாதம் காலை பத்து மணிக்கே எங்கள் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்க முடியாது. சென்னை சைதாப்பேட்டையில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்பவை. எட்டிப் பார்த்தால் நாலு மாடி தெரியும். ஒன்றில் வடகம், ஒன்றில் மிளகாய், ஒன்றில் துவைத்த துணி, எல்லாவற்றிலும் கறுப்புச் சின்டெக்ஸ் தொட்டி. எங்கள் மாடியில் இவற்றோடு ஒரு 100 வாட் சோலார் பேனலும் தெற்கு பார்த்துச் சாய்ந்திருக்கிறது. அதிலிருந்து இறங்கும் இரண்டு வயர்கள் மாடிப்படி நிழலில் இருக்கும் ஒரு மரப்பெட்டிக்குள் போகின்றன. பெட்டிக்குள் பாசிப்பருப்பு வேகிறது.

நடுவில் பேட்டரி இல்லை, இன்வெர்ட்டர் இல்லை, சார்ஜ் கன்ட்ரோலரும் இல்லை. சூடேற்றும் பொருளும் நாம் வழக்கமாகப் பார்க்கும் நிக்ரோம் காயில் அல்ல. ரேடியோ, டிவி, செல்போன் சார்ஜர் எல்லாவற்றிலும் இருக்கும் டையோடுதான் இங்கே அடுப்பு.

டையோடின் வேலை மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுவது. அப்படி விடும்போது அது ஒரு சிறு கட்டணம் வசூலிக்கும். சிலிக்கான் டையோடு என்றால் முக்கால் வோல்ட் முதல் ஒரு வோல்ட் வரை. அந்தக் கட்டணம் வெப்பமாக வெளியேறும். மின்னணுவியல் படித்தவர்களுக்கு இது நஷ்டக் கணக்கு. அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் ஹீட் சிங்க், ஃபேன் என்று பாடுபடுகிறார்கள். வேண்டாத அந்தச் சூட்டையே வேண்டியதாக்கினால் என்ன என்று கேட்டது அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் உள்ள கால் பாலி பல்கலைக்கழகத்தின் ஒரு குழு. இயற்பியல் பேராசிரியர் பீட் ஷ்வார்ட்ஸும் அவருடைய மாணவர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்கு ‘சூடான டையோடுகள்’ என்றே தலைப்பு வைத்தார்கள். மின்சாரமே எட்டாத ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு பேனலையும் ஒரு டையோடு சரத்தையும் கொண்டு மலிவான அடுப்பு தர முடியுமா என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.

காயிலை நேராகப் பேனலில் மாட்டினால் ஆகாதா? ஆகும், உச்சி வெயிலில் மட்டும். என் பேனல் நல்ல வெயிலில் 5.2 ஆம்பியர் தருகிறது. 3 ஓம் காயிலை மாட்டினால் 15.6 வோல்ட், ஏறத்தாழ 81 வாட். குறையே இல்லை. ஒரு மேகம் வந்து பாதி வெயிலை மறைத்தால் கரண்ட் 2.4 ஆம்பியருக்கு இறங்குகிறது. அதே காயிலில் இப்போது 7.2 வோல்ட்தான் நிற்கும். கிடைப்பது 17 வாட். வெயில் பாதியானது, சூடு கால்வாசிக்கும் கீழே போய்விட்டது. பேனலிடம் அப்போதும் ஏறக்குறைய 35 வாட் கொடுக்கும் தெம்பு இருக்கிறது. வாங்கிக்கொள்ளக் காயிலுக்குத் தெரியவில்லை.

குற்றாலத்தை நினைத்துக்கொண்டால் இது சட்டென்று பிடிபடும். சாரல் காலத்தில் அருவி கொட்டோ கொட்டென்று கொட்டும், சாரல் ஓய்ந்தபின் நூலாக ஒழுகும். ஆனால் விழும் உயரம் மாறுவதில்லை. பேனலும் அப்படித்தான். வெயில் கூடினாலும் குறைந்தாலும் மாறுவது பெரும்பாலும் ஆம்பியர், அதாவது தண்ணீரின் அளவு. வோல்ட் என்ற உயரம் லேசாகத்தான் அசையும். காயில் இந்த அருவியின் கீழ் வைத்த வாய்க்கால் மாதிரி. நீர்வரத்து குறைந்தால் அதில் மட்டமும் குறைந்துபோகும். டையோடு சரம் இன்னொரு அருவி. எவ்வளவு தண்ணீர் வந்தாலும் ஒரே உயரத்திலிருந்துதான் இறக்கிவிடும். அந்த உயரத்தைப் பேனலின் உயரத்துக்குச் சமமாக அமைத்துவிட்டால், கிடைக்கும் சூடு வெயிலோடு சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். பாதி வெயிலுக்குப் பாதிச் சூடு.

எனக்கு இதில் மனசைத் தொட்ட இடம் வேறு. பேனலும் உள்ளுக்குள் ஒரு டையோடு சரம்தான். என் பேனலில் 36 சிலிக்கான் செல்கள் வரிசையாகக் கோத்திருக்கின்றன, ஒவ்வொன்றும் அரை வோல்ட். சென்னை வெயிலில் பேனலின் சூடு 60 டிகிரியைத் தொடும்போது அதன் வோல்ட் சரிகிறது. டையோடு சூடானாலும் அதன் வோல்ட் சரியும், டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட். காலையில் பேனலும் அடுப்பும் ஆறியிருக்கும்போது இரண்டும் 18 வோல்ட் பக்கம் நிற்கின்றன. மத்தியானம் இரண்டும் காய்ந்தபின் 15.4க்கு வந்து சேர்கின்றன. யாரும் திருகாமல், எந்தச் சிப்பும் கணக்குப் போடாமல், இரண்டு சிலிக்கான் சரங்கள் ஒன்றுக்கொன்று அனுசரித்துப் போகின்றன. எம்.பி.பி.டி. என்ற கருவி இதே வேலையை இன்னும் துல்லியமாகச் செய்யும். ஆனால் அதை விலை கொடுத்து வாங்கவேண்டும், பழுதானால் பழுது பார்க்க ஆள் தேடவேண்டும்.

சாமான் வாங்க, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒற்றை டையோடுகளை விட பிரிட்ஜ் ரெக்டிஃபையர் எனக்கு வசதியாகப் பட்டது. ஒரு அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான உலோகச் சதுரம், நடுவில் போல்ட் போட ஓட்டை, மேலே நாலு கால். பத்து கேட்டேன்.

“வெல்டிங் மெஷினுக்கா சார்?” என்றார் கடைக்காரர்.

“அடுப்புக்குங்க.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “சூடு தாங்கும். நூத்தம்பதுக்கு மேல போகாம பாத்துக்கங்க. அடியில பேஸ்ட் தடவி நல்லா இறுக்கிடுங்க” என்று சொல்லி எடுத்துக் கொடுத்தார். எல்லாப் பாடப் புத்தகமும் சொல்லவேண்டியதை இரண்டே வரியில் சொல்லிவிட்டார்.

இந்த ரெக்டிஃபையரின் இரண்டு கால்களில் ஏ.சி. கொடுத்து மற்ற இரண்டில் டி.சி. எடுப்பதுதான் வழக்கம். அடுப்பில் ஏ.சி. கால்கள் சும்மா இருக்கும். மைனஸ் காலில் கரண்டை உள்ளே விட்டு பிளஸ் காலில் வெளியே எடுக்கவேண்டும். உள்ளே இருக்கும் நாலு டையோடுகளும் இரண்டு இரண்டாகக் கோத்த இரு பாதைகளாக வேலை செய்யும். பத்து ரெக்டிஃபையர்கள் வரிசையாக வந்தால் ஒரு பாதையில் 20 டையோடுகள். சூடானபின் ஒவ்வொன்றும் 0.77 வோல்ட், மொத்தம் 15.4. பத்தையும் கனமான ஓர் அலுமினியத் தகட்டின் அடியில் முடுக்கிவிட்டு, தகட்டின் மேல் எவர்சில்வர் பாத்திரத்தை வைத்தேன். ஒவ்வொரு ரெக்டிஃபையரும் சுமார் 8 வாட் வெப்பத்தைத் தகட்டுக்குக் கொடுக்கிறது.

80 வாட் என்பது அடுப்பென்று சொல்லிக்கொள்ள மிகச் சிறியது. இன்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் வரை போகும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க ஏறத்தாழ 294 கிலோஜூல் வேண்டும். சொட்டுச் சூடுகூடச் சிந்தாவிட்டாலும் 80 வாட்டுக்கு அது ஒரு மணி நேர வேலை. திறந்த பாத்திரம் என்றால் கொதிநிலையை நெருங்கும்போது காற்றுக்கே அவ்வளவு சூட்டையும் கொடுத்துவிடும், கடைசி வரை கொதிக்காது. அதனால் இந்த அடுப்பில் டையோடுக்கு உள்ள மதிப்பு பெட்டிக்கும் உண்டு. தகட்டைச் சுற்றி ஒரு விரல் கனத்துக்குக் கிளாஸ் வூல், அதற்கு வெளியே அரிசி ஆலையில் வாங்கிய உமி, மேலே பழைய மெத்தைப் பஞ்சில் தைத்த மூடி. தெர்மாகோலைத் தவிர்த்துவிடுங்கள், 100 டிகிரி பக்கத்தில் அது இளகிவிடும். 200 கிராம் பருப்பு, அதற்கேற்ற தண்ணீர் வைத்துப் பத்து மணிக்கு மூடினால் பன்னிரண்டரைக்குக் கரண்டியால் மசிக்கிற பதத்தில் இருக்கிறது. கிண்ட வேண்டாம், பொங்காது, அடிப்பிடிக்காது.

ஒரு தடவை பெட்டியை மறந்துவிட்டேன். தண்ணீர் முழுக்க வற்றி, தகடு 183 டிகிரியைத் தாண்டி, பற்றவைத்த ஈயம் உருகி வயர் கழன்று தொங்கியது. அதற்குப் பிறகு ஈயத்தை நம்பாமல் லக் வைத்து நசுக்கி இணைத்தேன், அயர்ன்பாக்ஸில் இருப்பது போன்ற சிறு தெர்மோஸ்டாட் ஒன்றையும் சேர்த்தேன். டையோடுக்குப் பதிலாக, கொசு மேட் சூடாக்கும் கருவிகளில் பார்க்கும் பேரியம் டைட்டனேட் வில்லையை வைத்தால் இந்தக் காவல்கூடத் தேவையில்லை. குறிப்பிட்ட சூட்டைத் தாண்டியதும் அதன் தடை கிடுகிடுவென ஏறி, தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும்.

வெயிலில் சமைக்கும் ஆசை நம் நாட்டுக்கு இன்று நேற்று வந்ததல்ல. பம்பாயில் உயர் நீதிமன்றத்தில் பணிபுரிந்த வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் 1878இலேயே கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து ஏழு படைவீரர்களுக்கான உணவை இரண்டு மணி நேரத்தில் சமைத்துக் காட்டினார். 1950களில் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் குழியாடி அடுப்பைக் கொண்டுவந்தது. பிறகு கண்ணாடி மூடி போட்ட சோலார் குக்கர்கள் வந்தன. எதுவும் வீட்டில் நிலைக்கவில்லை. சமைப்பவர் வெயிலில் போய் நிற்கவேண்டும், சூரியன் நகர நகர அடுப்பைத் திருப்பவேண்டும் என்றால் யார் செய்வார்கள்? நம் வீடுகளில் அந்த வேலை பெண்கள் தலையில்தான் விழுந்திருக்கும். பேனல் வந்தபின் வெயில் மாடியில் இருக்கலாம், அடுப்பு சமையலறையில் இருக்கலாம்.

இந்தியன் ஆயிலின் ஃபரிதாபாத் ஆய்வு மையம் 2022இல் வெளியிட்ட ‘சூர்யா நூதன்’ அடுப்பு இந்த வழியில் வந்ததுதான். பகல் சூட்டைச் சேமித்து இரவிலும் சமைக்க வைக்கும் பெரிய அமைப்பு அது. மத்தியப் பிரதேசத்தின் பெட்டூல் மாவட்டத்தில் பாஞ்சா என்ற ஊரின் 74 வீடுகளுக்கு ஐ.ஐ.டி. பம்பாய் சோலார் இன்டக்‌ஷன் அடுப்பு கொடுத்தது, ஆனால் அவற்றுக்குப் பேட்டரி வேண்டும். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஐ.ஐ.டி. மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு, பேனலின் டி.சி.யை ஏ.சி.யாக மாற்றாமல் 48 வோல்ட்டிலேயே விளக்கும் விசிறியும் ஓட்டலாம் என்று ராஜஸ்தான் கிராமங்களில் செய்து காட்டியது. வீணாக மாற்றாதே, வந்ததை வந்தபடி பயன்படுத்து என்ற அந்த எண்ணத்தின் கடைசி எல்லை டையோடு அடுப்பு.

கணக்கையும் மறைக்காமல் சொல்லவேண்டும். என் அடுப்பு நல்ல நாளில் 0.4 யூனிட் சூடு தருகிறது, மாதம் 12 யூனிட். 14.2 கிலோ கேஸ் சிலிண்டரில் சுமார் 180 யூனிட் ஆற்றல் உண்டு, பர்னர் வழியாகப் பாத்திரத்துக்குச் சேர்வது 120 யூனிட் பக்கம். ஆக ஒரு பேனல் சிலிண்டரில் பத்தில் ஒரு பங்கு. குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசமாகவே கிடைக்கும் ஊரில் இதனால் ஈ.பி. பில் குறைந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாம் எரிக்கும் கேஸில் சுமார் 60 சதவீதம் கப்பலில் வருகிறது. மூன்று பேனல் போட்டால் சிலிண்டரில் பத்தில் மூன்று பங்கு மாடியிலிருந்தே கிடைக்கும்.

இதைச் செய்து பார்க்க என்னைத் தூண்டியது காசுக் கணக்கு அல்ல. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை மீறி மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்து நின்றது. ஆற்றோரத் தெருக்களில் காலி சிலிண்டர்கள் மிதந்து போனதைப் பார்த்தேன். மழை விட்டு வெயில் வந்தபிறகும் பல தெருக்களில் நாள் கணக்கில் கரண்ட் வரவில்லை. கைக்குழந்தை வைத்திருந்த பக்கத்து வீட்டு அக்கா வெந்நீருக்கு வீடு வீடாக ஏறி இறங்கினார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் அதே கதை. இப்போது 2024இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட் பேனலுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் மாடிகளில் பேனல்கள் பெருகிவருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை தெரு லைனோடு இணைந்தவை. லைனில் கரண்ட் போனால் அந்த இன்வெர்ட்டரும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மேல் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் தலைக்கு மேல் வெயிலும் பேனலும் இருந்தும் கீழே வெந்நீருக்கு வழியில்லை. தனியாக ஒரே ஒரு பேனலும் பத்து ரெக்டிஃபையரும் இருந்தால் அந்த நாளில் ஒரு குழந்தைக்குப் பால் காய்ச்சலாம். நிவாரண முகாமாகும் ஒவ்வொரு பள்ளிக்கூட மாடியிலும் இப்படி நாலைந்து பெட்டிகள் இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அந்த அக்கா போன வாரம் மேலே வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். “நெருப்பே காணோம், எப்படிப்பா வேகுது?” என்று கேட்டுக்கொண்டே இரண்டு பருப்பை எடுத்து விரலில் நசுக்கினார். அப்போது ஆற்றுப் பக்கமிருந்து ஒரு மேகம் வந்து மாடியை மூடியது. மீட்டரைக் காட்டினேன். ஆம்பியர் இரண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. வோல்ட் 14.7இல் அசையாமல் நின்றது. தெர்மாமீட்டரில் 96 டிகிரி. அக்கா மூடியைப் போட்டு, மேலே பஞ்சு மெத்தையை நன்றாக அமுக்கிவிட்டார்.