கரப்பன்: தாய்மீது பழியில்லை

குளிர்காலம் தொடங்கிவிட்டால் நம்மவர் வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. பிள்ளை இரவிரவாகச் சொறிகிறது. முழங்கை, முழங்கால் மடிப்புகள் தடித்து நீர் கசிகின்றன. கத்தரிக்காயும் இறாலும் கொடுத்ததால் வந்த கரப்பன் என்று ஊரிலுள்ள உறவினர் தொலைபேசியில் தாயைக் கடிந்துகொள்வர்.

அறிவியல் கூறுவது வேறு. நமது 5ஆம் நிறமூர்த்தத்தில் அருகருகே அமைந்த இரு மரபணுக்கள் இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 எனும் புரதங்களை ஆக்குகின்றன. குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளை எதிர்க்குமாறு நிர்ப்பீடனத் தொகுதிக்குக் கட்டளையிடுபவை இவை. இம்மரபணுக்களிற் காணப்படும் சில சிறு வேறுபாடுகள், எதிரி இல்லாதபோதும் அக்கட்டளை மிகுந்தொலிக்க வழிசெய்கின்றன. தோல் அழற்சியுற்று அரிக்கிறது. தோலின் காப்புப் படையை ஆக்க உதவும் பிலாக்கிரின் மரபணுவின் பழுதும் இந்நோய்க்கு ஏதுவாகிறதென ஸ்கொட்லாந்தின் டன்டீ பல்கலைக்கழக ஆய்வாளர் 2006இல் காட்டினர்.

எனினும் மரபணு தலைவிதியன்று. இவ்வேறுபாடுகளுடன் பிறந்த பலருக்கு நோய் வருவதேயில்லை. வெப்பமூட்டியின் வறண்ட காற்றும் சவர்க்காரமும் நோயைத் தூண்டக்கூடியவை. எனவே ஈரப்பசை தரும் களிம்பை நாள்தோறும் தாராளமாகப் பூசுக. மருத்துவச் சோதனையின்றி உணவைத் தவிர்த்தாற் பிள்ளையின் வளர்ச்சி குன்றலாம். கடும் நோய்க்கு, அவ்விரு புரதங்களின் கட்டளையைத் தடுக்கும் டுப்பிலுமாப் எனும் மருந்து 2017இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது.

இன்னுமொன்று: கரிய தோலிற் சிவப்பு தெளிவாகத் தெரியாது; கருமையாகவோ சாம்பலாகவோ தோன்றும். மருத்துவரிடம் இதனைத் தயங்காது எடுத்துரைப்போம். வீட்டில், தாயைப் பழிப்பதை விடுவோம்.