விலை இறங்கட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்

"இப்ப எதுக்கு? கொஞ்ச நாள் போகட்டும், விலை இறங்கும், அப்புறம் வாங்கிக்கலாம்." மேட்டூரில் நான் பார்த்த அத்தனை வீட்டிலும் இந்த வாக்கியம் உண்டு. அனல் மின் நிலையம், கெமிக்கல் கம்பெனி, மில் என்று மாதச் சம்பளத்தையும் தீபாவளி போனஸையும் வைத்து ஓடிய குடும்பங்கள். டேப்ரெக்கார்டர், கலர் டிவி, விசிடி பிளேயர், செல்போன், எது கேட்டாலும் இதே பதில்தான். வேடிக்கை என்னன்னா, ஏறக்குறைய முப்பது வருசம் அந்தப் பதில் சரியாகவே இருந்தது. பொறுத்தவர்கள் பாதி விலையில் வாங்கினார்கள். கேம் கன்சோல் விஷயத்தில் மட்டும் அது இப்போது பலிப்பதில்லை. ஏன் என்று தோண்டிப் பார்த்ததுதான் இந்தப் பதிவு.

'கன்சோல்' என்ற சொல்லே நம்ம பக்கம் ரொம்பத் தாமதமாக வந்தது. நமக்கு அது 'டிவி கேம்'. அதன் மூலம் ஜப்பானில் இருக்கிறது. 1983 ஜூலை 15 அன்று நின்டெண்டோ கம்பெனி 'ஃபேமிகாம்' என்ற பெட்டியை 14,800 யென்னுக்கு விற்க ஆரம்பித்தது. உள்ளே முக்கியமாக இரண்டே சிப். ஒன்று கணக்குப் போடும், இன்னொன்று படம் வரையும். வேலை செய்ய வைத்திருந்த மெமரி 2 கிலோபைட். தமிழில் தட்டினால் ரொம்ப நீளமான ஒரு பத்தியைக்கூட அதில் முழுசாக வைக்க முடியாது. அதற்குள்தான் மரியோ ஓடினார், குதித்தார், காளானைத் தின்றார்.

அமெரிக்காவுக்குப் போன பெட்டியில் நின்டெண்டோ ஒரு பூட்டுச் சிப் வைத்தது. தன் அனுமதி இல்லாத கேசட் ஓடக் கூடாது என்பதற்காக. ஜப்பான் பெட்டியில் அந்தப் பூட்டு கிடையாது. தைவான்காரர்களுக்கு அது போதும். யுஎம்சி போன்ற கம்பெனிகள் அதே வேலையைச் செய்யும் சிப்புகளை அச்சடித்தன. ரஷ்யாவில் அது 'டெண்டி' ஆனது, போலந்தில் 'பெகாசஸ்' ஆனது, இங்கே 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்', 'மிட்டாஷி' என்று பல பெயர்களில் வந்தது. அப்புறம் இரண்டு சிப்பும் ஒரே சிப்பாகச் சுருங்கின. கடைசியில் சிப்புக்குக் கூடும் காலும்கூட வேண்டாம் என்று, வெறும் சிலிக்கான் துண்டைப் பலகையில் ஒட்டி, மேலே கறுப்புப் பசையை ஒரு சொட்டு விட்டு மூடிவிட்டார்கள். பழைய டிவி கேமைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்புப் பொட்டு ஞாபகம் இருக்கும். ஆயிரங்களில் இருந்த பெட்டி சில நூறு ரூபாய்க்கு இறங்கியதன் ரகசியம் அந்தப் பொட்டுக்குள்தான் இருக்கு. 2000களின் நடுவில் பேடண்ட் காலமும் ஓய்ந்துவிட்டது. விளையாட்டுகளின் காப்புரிமை ஓயவில்லை, ஆனால் அதைப் பற்றி இங்கே யார் கவலைப்பட்டார்கள்?

கேசட் மேல் '9999999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே இருந்தது நாலைந்து விளையாட்டு. ஒன்றையே மூன்றாம் லெவலில் இருந்து, ஏழாம் லெவலில் இருந்து, துப்பாக்கியோடு, துப்பாக்கி இல்லாமல் என்று வேறு வேறு பெயரில் பட்டியல் போட்டிருப்பார்கள். ஓடாவிட்டால் கேசட்டை எடுத்து ஊதுவோம். ஓட வைத்தது ஊதல் இல்லை, எடுத்துத் திரும்பச் செருகியதுதான். செருகும்போது பின்கள் உரசிப் பிடித்துக்கொள்ளும். மூச்சில் இருக்கும் ஈரம் பின்னை அரிக்கும் வேலையைத்தான் செய்தது.

இன்னொன்று. ஜப்பான், அமெரிக்க டிவி நொடிக்கு 60 முறை படம் மாற்றும், நம்ம பேல் முறை டிவி 50 முறை. பழைய விளையாட்டுகள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடி என்று கணக்கு வைத்து ஓடுபவை. ஆக, பேல் டிவிக்கென்று செய்த பெட்டிகளில் நாம் ஆடிய மரியோ, ஜப்பான் மரியோவைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் ஓடினார். யாருக்கும் தெரியாது. ஒப்பிட வேறொரு மரியோ நம்மிடம் இல்லையே.

விலை இறங்கியது சரி, டிவி? இதுதான் நான் கடைசியில் கவனித்த விஷயம். டிவி கேமில் செலவு அதிகமான பாகம் டிவி கேம் இல்லை, பெரியவர்கள் விட்டுக்கொடுக்கும் டிவி நேரம். சாயங்காலம் சீரியல் ஆரம்பித்தால் வயரைப் பிடுங்க வேண்டியதுதான். 2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச கலர் டிவித் திட்டம் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குல டிவி போனது. டிவியே இல்லாத வீட்டில் அது முதல் டிவி. ஏற்கெனவே டிவி இருந்த வீட்டில் அது இரண்டாவது டிவி, அதாவது பிள்ளைகளின் டிவி. பூமியிலேயே பெரிய கன்சோல் மானியம் அதுதான் என்று நான் நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. (கரண்ட்? அதைக் கேட்காதீங்க. அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி வீட்டு மாடியில் இருந்து தெரியும், ஆனாலும் அந்த வருசங்களில் மணிக்கணக்கில் கரண்ட் போகும். அந்தக் கேசட்டுகளில் விளையாட்டைச் சேமித்து வைக்க வழி கிடையாது. எட்டாவது உலகம் வரை போன மரியோ முதல் உலகத்துக்கே திரும்ப வேண்டும்.)

அதே டிவி போனபோது துப்பாக்கியும் செத்தது. வாத்துச் சுடும் விளையாட்டில் துப்பாக்கியில் இருந்து எதுவும் வெளியே வராது, அதன் வாய்க்குள் வெளிச்சத்தை உணரும் ஒரு கண் இருக்கும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். அந்த வெள்ளை உடனே கண்ணில் பட்டால் வாத்து விழும். குழாய் டிவியில் படம் சிக்னல் வந்த அதே நொடியில் விழுந்தது. எல்சிடி, எல்ஈடி டிவிகள் படத்தை வாங்கி, சரிசெய்து, கொஞ்சம் தாமதித்துக் காட்டுகின்றன. அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடும். புது டிவியில் வாத்து சாகவே சாகாது.

இனி 'ஒரிஜினல்' பெட்டிகளின் கதை. 1995இல் சேகா கம்பெனி ஷா வாலஸ் மூலமாக இந்தியாவில் மெகா டிரைவ் பெட்டியை விற்றது. விலை 18,000 ரூபாய். 80 சதவீத இறக்குமதி வரியைத் தவிர்ப்பதற்காகச் செய்த ஏற்பாடு, அப்படியும் இந்த விலை. அன்றைக்கு மேட்டூரில் எத்தனை பேருக்கு அது பல மாதச் சம்பளம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

ஆனால் பொறுத்தால் இறங்கும் என்ற விதி ஒரிஜினல் பெட்டிக்கும் பொருந்தியது. பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000இல் 299 டாலர், 2009இல் 99 டாலர். எப்படி? சிப் செய்வதைக் கடலை மிட்டாய்த் தட்டாக நினைத்துக்கங்க. ஒரு தட்டு பாகு ஊற்ற ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். துண்டைச் சின்னதாக வெட்டினால் ஒரு தட்டில் நிறைய வரும், உடைந்து வீணாவதும் குறையும். பி.எஸ்.2இன் இரண்டு முக்கிய சிப்புகள் ஆரம்பத்தில் 240, 279 சதுர மில்லிமீட்டர். சில வருசத்தில் இரண்டையும் சேர்த்து ஒரே சிப்பாக்கி 86 சதுர மில்லிமீட்டரில் அடக்கிவிட்டார்கள். கறுப்புப் பொட்டுக்கு நடந்த அதே கதைதான்.

நம்ம ஊர்களில் பி.எஸ்.2வைப் பெரும்பாலும் வீட்டில் இல்லை, மணிக்கு இருபது முப்பது ரூபாய் வாங்கிய கேம் சென்டர்களில்தான் ஆடினோம். பெட்டி சிப் போட்டு உடைத்தது, டிஸ்க் வீட்டில் எரித்தது. இது கன்சோல் வியாபாரத்தின் அடிமடியிலேயே கை வைப்பது. பெட்டியைக் கைநஷ்டத்துக்கு விற்று, விளையாட்டில் எடுப்பதுதான் அவர்கள் கணக்கு. 2006இல் 599 டாலருக்கு விற்ற பிளேஸ்டேஷன் 3க்குப் பாகச் செலவே 800 டாலருக்கு மேல் என்று ஐசப்ளை நிறுவனம் பிரித்துப் பார்த்துச் சொன்னது. எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்பனையில் தாங்கள் லாபமே பார்த்ததில்லை என்று 2021இல் எபிக்-ஆப்பிள் வழக்கில் மைக்ரோசாஃப்ட் தரப்பே சாட்சி சொன்னது. ஆக, கன்சோல் விலை என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது உண்மையில் முன்பணம். மிச்சத்தை விளையாட்டு விளையாட்டாகக் கட்டுகிறோம்.

இந்தியாவில் அந்த முன்பணமே கனம். பிளேஸ்டேஷன் 3 இங்கே 2007இல் 39,990 ரூபாய். பிளேஸ்டேஷன் 4 இங்கே 2014 ஜனவரியில், அதுவும் 39,990. ஆனால் அமெரிக்காவில் பி.எஸ்.4 399 டாலர்தான், அதாவது 200 டாலர் குறைவு. அந்தக் குறைவு நம்மிடம் வந்து சேரவில்லை. இடையில் டாலர் 42 ரூபாயில் இருந்து 62 ரூபாய்க்குப் போயிருந்தது. 599ஐ 42ஆல் பெருக்குங்க, 399ஐ 62ஆல் பெருக்குங்க, இரண்டும் 25,000க்குப் பக்கத்தில் வரும். மிச்சம் வரியும் போக்குவரத்தும் கடைக்காரர் பங்கும்.

வரிக் கணக்கு இப்படி. 2018 பட்ஜெட்டில் கன்சோலுக்கான சுங்க வரி 10இல் இருந்து 20 சதவீதமானது. அதன் மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதல் வரி, ஆக 22. அந்தக் கூட்டுத் தொகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் (2018 கடைசி வரை 28ஆக இருந்தது). 100 ரூபாய்ப் பொருள் கிட்டத்தட்ட 144 ரூபாயாக உள்ளே வருகிறது. 499 டாலர் பிளேஸ்டேஷன் 5ஐ 2021 ஆரம்பத்து டாலர் விலையான 73ஆல் பெருக்கி, இந்த வரியைச் சேர்த்தால் 52,000 சொச்சம். சோனி இங்கே வைத்தது 49,990. கொள்ளை விலை என்று அன்றைக்கு இணையத்தில் திட்டினார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

சரி, இப்போது ஐந்து வருசம் ஆகிவிட்டதே, பாதிக்கு வந்திருக்கணுமே? 2022இல் இங்கே 54,990 ஆனது. அமெரிக்காவிலேயே 2025 ஆகஸ்டில் 499 டாலர் 549 ஆனது. கன்சோல் வரலாற்றில் வயதாக வயதாக விலை ஏறும் பெட்டிகள் இந்தத் தலைமுறையில்தான் வழக்கமாகியிருக்கின்றன.

காரணம் மிட்டாய்த் தட்டுதான். பி.எஸ்.5இன் சிப் சுமார் 300 சதுர மில்லிமீட்டரில் ஆரம்பித்து, இரண்டு வருசம் கழித்துச் சுமார் 260க்கு வந்தது. 519இல் இருந்து 86 எங்கே, 300இல் இருந்து 260 எங்கே. துண்டு சின்னதாவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. புதுத் தலைமுறை சிப் செய்யும் தட்டின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. மெமரியும் அப்படி. 32 மெகாபைட் இருந்த பி.எஸ்.2 எங்கே, 16 ஜிகாபைட் கேட்கும் பி.எஸ்.5 எங்கே? 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை மொத்தமாக அள்ளியதில் அதன் விலையும் எகிறியது.

பக்கத்திலேயே இருக்கும் டிவி ஏன் இறங்கிக்கொண்டே போகுது என்றால், அங்கே தட்டே பெருசாச்சு. 2.2 மீட்டருக்கு 2.5 மீட்டர் கண்ணாடித் தகட்டில் 32 அங்குலத் திரை 18 வெட்டலாம். அப்புறம் அதைவிடப் பெரிய தகடுகள் வந்தன. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளின் ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பரில் 28இல் இருந்து 18 ஆனது. டிவிக்குப் பழைய விதி இன்னும் பொருந்தும், அதன் கீழே வைக்கிற பெட்டிக்குப் பொருந்தாது.

போன தீபாவளிக்கு அக்கா பையன் பி.எஸ்.5 கேட்டு நின்றபோது அவன் அப்பா என்னிடம் கேட்டது இதுதான்: "ஏன் மாப்ள, ரெண்டு வருசம் போனா பாதி விலைக்கு வராதா?" வராதுங்க மாமா என்றேன். பையன் முகம் மலர்ந்தது. அப்புறம் மீதிக் கணக்கையும் சொன்னேன். சோனியின் பெரிய விளையாட்டு ஒன்று புதிதாக 4,999 ரூபாய். வருசத்துக்கு மூன்று வாங்கினால் நாலு வருசத்தில் 60,000, பெட்டியைவிட அதிகம். டிஸ்க் போடும் மாடல் என்றால் ஆடி முடித்ததை விற்கலாம், பழையது வாங்கலாம். டிஸ்க் இல்லாத மாடல் சில ஆயிரம் குறைவு, ஆனால் அதில் வாங்கியதை யாருக்கும் கொடுக்க முடியாது. விலை இறங்குவது இப்போது விளையாட்டில்தான், பெட்டியில் இல்லை. இரண்டு வருசப் பழைய விளையாட்டு தள்ளுபடியில் பாதிக்கும் கீழே கிடைக்கும். பொறுமை வேண்டிய இடம் அது.

அவர்கள் கடைசியில் வாங்கியது பழைய பி.எஸ்.4, சேலத்தில், ஆறு டிஸ்க்கோடு. பையனுக்கு முழுத் திருப்தி இல்லை. அவன் கூட்டாளிகள் முக்கால்வாசிப் பேர் செல்போனில்தான் ஆடுகிறார்கள், அதற்கு முன் இலவச லேப்டாப்பில் அண்ணன்மார் ஆடினார்கள். பெட்டி என்ற படியை நம்ம ஊர் பெரும்பாலும் தாண்டியே போய்விட்டது.

அந்தக் கறுப்புப் பொட்டு மட்டும் சாகவில்லை. ஆடிப்பெருக்குக்கு அணைப்பூங்கா பக்கம் போடும் கடைகளில், வளையலுக்கும் பீப்பீக்கும் நடுவே, உள்ளங்கை அளவில் '400 இன் 1' என்று ஒரு பெட்டி தொங்கும். கேசட் கிடையாது, எல்லாம் உள்ளேயே. சில நூறு ரூபாய் சொல்வார்கள், பேரம் பேசினால் குறையும். போட்டால் முதல் பக்கத்திலேயே மரியோ நிற்கிறார்.