வறட்டிக்கும் வயலுக்கும் நடுவே

எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சுவரை நான் வெள்ளையாகப் பார்த்ததே இல்லை. தை தொடங்கி ஆவணி வரை அதில் வறட்டி காய்ந்துகொண்டிருக்கும். விடிந்ததும் அத்தை தொழுவத்திலிருந்து கூடை கூடையாகச் சாணம் அள்ளி வந்து சுவரடியில் கொட்டுவார். ஒரு முறம் உமி, களத்தில் கூட்டியள்ளிய வைக்கோல் கூளம் இரண்டு கை. தண்ணீர் சேர்க்க மாட்டார். பச்சைச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தானே. "நல்லா அடிச்சுப் பிசையணும்டா, இல்லேன்னா வெயில்ல வெடிச்சுப் பொலபொலன்னு உதிர்ந்துடும்" என்று சொல்லிக்கொண்டே முழங்கை வரை சாணமாகப் பிசைவார்.

கைக்கு அடங்கும் உருண்டை பிடித்துச் சுவரில் ஓங்கி ஓர் அறை, உள்ளங்கையால் ஓர் அழுத்து. ஐந்து விரலும் பதிந்திருக்கும். கனம் விரற்கடைக்கு மேல் போனால் மேலே காய்ந்து நடுவில் ஈரம் நின்றுவிடும். இரண்டு மூன்று நாள் வெயிலில் ஓரம் தானாக நெம்பிக்கொண்டு வரும். பெயர்த்தெடுத்து, இரண்டிரண்டாகக் கூரைபோலச் சாய்த்து, சுவர்ப் பக்கம் இருந்த முகத்தையும் காயவிடுவார். ஒன்றோடொன்று தட்டினால் ஓட்டுச்சில்லு போல 'டக்'கென்று சத்தம் வர வேண்டும். அப்போதுதான் அடுக்கலாம். ஐப்பசி அடைமழைக்கு முன் அதைப் போர் போல அடுக்கிக் கீற்றுப் போட்டு மூடிவிடுவார். இவ்வளவையும் ஒரு வேலை என்று வீட்டில் யாரும் கணக்கில் சேர்த்ததில்லை. நானும் சேர்க்கவில்லை என்பது இன்று உறுத்துகிறது.

வறட்டித் தணலுக்கு ஒரு நிதானம் உண்டு. விறகைப் போலக் கொழுந்துவிட்டு எரிந்து அடங்கிவிடாது, நின்று கனியும். பால் காய்ச்சவும் நெல் அவிக்கவும் அதுதான் தோது. குயவர் சூளையில் பானைகளுக்கு நடுவே வறட்டியை அடுக்குவதும், சுடுகாட்டில் உடலைச் சுற்றி அடுக்கி மூட்டம் போடுவதும் அந்த நின்றெரியும் குணத்துக்காகத்தான். திருநீறு பிறப்பதும் அந்த நெருப்பில்தான்.

ஆனால் அடுப்படியில் அது கொடுத்த விலையை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. சாதாரண மண்ணடுப்பில் வறட்டியின் சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். மற்றது சுவருக்கும் காற்றுக்கும். புகையோ விறகுப் புகையைவிட மோசம். நுண்துகள் நிறைந்த அந்தப் புகை மூச்சுக்குழாயை ஆண்டுக்கணக்கில் அரிக்கும். அத்தைக்கு நாற்பது வயதிலேயே கண்ணில் நீர் வழிவது நிற்கவில்லை. இருமல் கார்த்திகையில் பிடித்தால் மாசியில்தான் விடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டில் ஏறத்தாழ 8 விழுக்காடு வீடுகளில் வறட்டிதான் முதன்மை எரிபொருள். தமிழ்நாட்டில் குறைவு, உத்தரப்பிரதேசம், பீகார் பக்கம் மிக அதிகம். அத்தனை அடுப்படியிலும் ஒரு பெண் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு இழப்பு வயலுக்கு. சாணத்தை எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும். மிஞ்சும் சாம்பலில் சாம்பல்சத்தும் கொஞ்சம் மணிச்சத்தும்தான் இருக்கும். இதை வைத்து விவசாயியை அறியாதவன் என்று ஏசுவது பழைய வழக்கம். 1889இல் வெள்ளை அரசு அனுப்பி வைத்த வேளாண் வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்துவிட்டு, 1893இல் வெளிவந்த தம் அறிக்கையில் அந்த ஏச்சை மறுத்தார். விறகு கிடைக்காததால்தான் சாணத்தை எரிக்கிறார்கள், கிடைக்கும் இடத்தில் அது வயலுக்குத்தான் போகிறது என்றார். ஊர்தோறும் விறகுக்கும் தீவனத்துக்கும் காடு வளர்க்கச் சொன்னார். அடுப்புக்கு வேறு வழி காட்டாமல் எருவைப் பற்றி உபதேசம் செய்யாதே என்பதுதான் அதன் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வேறு வழி சாணத்துக்குள்ளேயே இருந்தது. காற்றுப் புகாத தொட்டியில் சாணத்தையும் தண்ணீரையும் சரிபாதி கரைத்து விட்டால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேன் வாயுவை விடும். டெல்லியில் 1939இல் இதற்கான சோதனைகள் நடந்தன. 1951இல் ஜஷ்பாய் படேல் இரும்பு டிரம் மிதக்கும் 'கிராமலட்சுமி' கலனை உருவாக்கினார்; 1960களில் காதி கிராமத் தொழில் ஆணையம் அந்த வகைக் கலனை ஊர்களுக்குக் கொண்டுபோனது. 1984இல் செங்கல் குவிமாடம் வைத்த 'தீனபந்து' வந்தது, செலவு குறைந்தது. 25 கிலோ சாணத்துக்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர் வாயு. இரண்டு கன மீட்டர் கலனுக்கு நாளுக்கு 50 கிலோ சாணம், அதாவது நாலைந்து மாடு வேண்டும். ஒழுங்காக ஓடினால் மாதத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு சிலிண்டர் எரிவாயு கிடைத்த மாதிரி. புகை இல்லை. தழைச்சத்தும் எரிந்து போகாது. வாயு போனபின் வழியும் குழம்பில் அப்படியே தங்கி வயலுக்குப் போகும். அடுப்பா வயலா என்ற வழக்கே முடிந்துபோகிறது.

எங்கள் வீட்டிலும் கோபர் காஸ் வந்தது. நீல ஜுவாலையை முதல் நாள் அத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். ஏழெட்டு வருடம் ஓடியது. பிறகு டிரம்மில் துரு ஓட்டை விழுந்தது. வருடா வருடம் வண்ணம் பூச வேண்டும் என்று கட்டிக் கொடுத்தவர்கள் சொல்லவில்லை. பழுது பார்க்க ஆள் கேட்டு அப்பா மூன்று முறை அலைந்தார், யாரும் வரவில்லை. அதற்குள் டிராக்டர் வந்து உழவுமாடு போனது. அறுவடை இயந்திரம் வந்தபின் வைக்கோலும் அருமையாகி, ஐந்து உருப்படி இரண்டாயிற்று. இரண்டு மாட்டுச் சாணத்தில் அவ்வளவு பெரிய தொட்டி பட்டினி கிடந்தது. கட்டுவதற்கு மானியம் இருந்தது. கட்டியதைக் காப்பாற்றத்தான் ஒருவரும் இல்லை. ஊருக்கு ஊர் செத்துக் கிடக்கும் கலன்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

போன வருடம் பக்கத்து ஊரில், பால் மாடு ஆறு வைத்திருக்கும் அக்கா வீட்டில் ஒரு தீனபந்து ஓடுவதைப் பார்த்தேன். இருபது வருடத்துக் கலன். கரைக்கும் தொட்டியில் கூளத்தைக் கையால் அரித்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "வைக்கோல் உள்ள போச்சுன்னா மேல ஆடை கட்டிக்கும் தம்பி, காஸ் ஏறாது" என்றார். குழாயில் சேரும் தண்ணீரை வாரம் ஒருமுறை வடித்துவிடுவாராம். குவிமாடத்தில் கீறல் விட்டால் பூச, ஊரிலேயே ஒரு கொத்தனார் இருக்கிறார். பின்பக்கக் குழியிலிருந்து வழியும் குழம்பு வாய்க்கால் வழியாக நேராக வாழைக்குப் போகிறது.

"வறட்டியே தட்டுறதில்லையா?" என்று கேட்டேன். சுவர் ஓரமாகக் கை காட்டினார். மார்கழி வாசலில் பூசணிப்பூ செருகி வைத்த சாணப் பிள்ளையார்களைச் சேர்த்துத் தட்டிய சின்ன வறட்டிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பொங்கல் பானைக்கு அதுதானாம்.