ஒரே ஸ்டேஜ்... ஒரே ட்ரீட்மென்ட்... முடிவு மட்டும் வேற!

'இந்த புரோட்டீன் பேரையெல்லாம் மனப்பாடம் பண்ணி என்னத்துக்குப்பா ஆகப்போகுது?'ன்னு அபிஷேகப்பட்டி பஸ்ல புலம்பிக்கிட்டே யுனிவர்சிட்டி போற பயோகெமிஸ்ட்ரி ஆளா நீங்க? அப்போ இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். பி.காம். மக்களும் படிக்கலாம், தப்பில்லை!

மேட்டர், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். வயல் வேலைக்குப் போற, வீட்டுல உட்கார்ந்து பீடி சுத்துற நம்ம அத்தை, ஆச்சிமார்ல பலர், மாதவிடாய் நின்ன பிறகு உதிரம் பட்டாலும் வாயைத் திறக்க மாட்டாங்க. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது கட்டி இடுப்புச் சுவர் வரை போயிருக்கும். இதுக்குப் பேர் 3பி ஸ்டேஜ். ஆபரேஷன் கிடையாது, கதிர்வீச்சுதான்.

இப்போ ஒரு கணக்கு பாருங்க. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் 2003 முதல் 2011 வரை இதே 3பி ஸ்டேஜில் வந்த 850 பெண்களைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 5 வருடம் கழித்து உயிரோடு இருந்தது 46 சதவீதம். கூடவே வாராவாரம் சிஸ்பிளாட்டின் மருந்தும் ஏற்றிக்கொண்டவர்களில் 54 சதவீதம். முடிவு 2018-ல் வெளியானது. மருந்து ஜெயிச்சது, சரி. ஆனா கிட்டத்தட்ட பாதிப் பேர் பிழைக்க, மீதிப் பேர் ஏன் போனாங்க? ஸ்டேஜ் ஒண்ணு, மருந்து ஒண்ணு. இதை முதல் நாளே சொல்ல ஏதாவது துப்பு கிடைக்குமா?

அந்தத் துப்பைத்தான் கட்டியில் இருக்கிற புரதங்களில் தேடுறாங்க. பயாப்ஸியில் எடுத்த துணுக்கை மெழுகில் புதைத்து வைப்பார்கள். லேப் பாஷையில் அது 'பிளாக்'. அதை முடியை விட மெல்லிசாகச் சீவி, ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை விட்டு, சாயம் ஏற்றினால், அந்தப் புரதம் இருக்கிற இடம் காப்பித்தூள் கலரில் தெரியும். அப்புறம் பழைய கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டு, யார் பிழைத்தார்கள் என்று பார்க்க வேண்டியதுதான்.

இதில் ஸ்டார், பி16. ஹெச்.பி.வி. வைரஸ் செல்லுக்குள் புகுந்ததும் ஆர்பி என்கிற பிரேக்கைக் கழற்றிவிடும். செல் பதறிப்போய் பி16-ஐ உற்பத்தி பண்ணிக் குவிக்கும். ஒயர் அறுந்த பிரேக்கை எவ்வளவு மிதிச்சாலும் வண்டி நிக்குமா? ஆனா தமாஷ் என்னன்னா, பி16 நிறைந்த கட்டிகள்தான் கதிர்வீச்சுக்கு நல்லா மசியுதுன்னு பல ஆய்வுகள் சொல்கின்றன. அது இல்லாத கட்டிதான் முரண்டு பிடிக்குது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் பி16-ஐப் பரிசோதித்திருக்கிறது.

அடுத்தது ஆக்சிஜன் சமாச்சாரம். தாமிரபரணியில் தண்ணி திறந்தாலும் ஸ்ரீவைகுண்டம் தாண்டிக் கடைமடைக்கு எவ்வளவு வந்து சேருதுன்னு நமக்குத் தெரியும்ல? கட்டிக்குள்ளேயும் கடைமடை உண்டு. தாறுமாறா வளர்ந்த ரத்தக்குழாய், உள்ளே இருக்கிற செல்லுக்கு ஆக்சிஜன் கொண்டுபோகாது. கதிர்வீச்சு சரியாக வேலை செய்ய ஆக்சிஜன் வேணும். அதனால் அந்தப் பட்டினி செல்கள் தப்பிச்சுடும். பட்டினியில் அவை உற்பத்தி பண்ற ஹிஃப்-1 ஆல்ஃபா, சிஏ9 இரண்டும் அதிகமா தெரிஞ்சா கெட்ட சகுனம். செல் ஆக்சிஜனை உணரும் விதத்தைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2019-ல் மருத்துவ நோபல்.

ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினும் புரதம்தானே! சிகிச்சையின்போது அது குறைந்தவர்களுக்கு முடிவும் மோசமாவது பல காலமா தெரிஞ்ச விஷயம். ஊர் லேப்பிலேயே பார்க்கிற டெஸ்ட். அதுக்காக ரத்தம் ஏற்றினா எல்லாம் சரியாகிடும்னு நினைக்காதீங்க. அது இன்னும் தெளிவா நிரூபணம் ஆகலை.

ரத்தத்தில் பார்க்கிற இன்னொன்று எஸ்.சி.சி. ஆன்டிஜென். 1977-ல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தது. சிகிச்சை முடிந்து இறங்கின அளவு மறுபடி ஏறினால், நோய் திரும்பி வருதோ என்று டாக்டர் உஷாராகிவிடுவார்.

சரி, இதையெல்லாம் பார்த்து இன்னைக்கு ட்ரீட்மென்ட்டை மாத்துறாங்களா? பெரும்பாலும் இல்லை! ஒரு லேபில் ஜெயிச்ச புரதம் இன்னொரு லேபில் தோற்றுவிடுகிறது. சாயம் எத்தனை சதவீதம் தெரிந்தால் 'பாசிட்டிவ்' என்பதிலேயே ஆளுக்கொரு கணக்கு. மருந்து தருவதை முடிவு செய்யுமளவு முன்னேறியவற்றில் ஒன்று பி.டி.-எல்1. திரும்பி வந்த அல்லது வேறு உறுப்புகளுக்குப் பரவிய நோயில், அது இருந்தால் பெம்ப்ரோலிசுமாப் கொடுக்கலாம் என 2021-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. விலையைக் கேட்டா நமக்கு மூச்சு நிற்கும், லட்சங்களில்!

ஆக, இப்போதைக்கு அசைக்க முடியாத கணக்கு ஒண்ணு உண்டு. கதிர்வீச்சை மொத்தம் 8 வாரத்துக்குள் முடிச்சாகணும். 'பொங்கல் முடிஞ்சு போய்க்கலாம்', 'பஸ் காசு இல்லை'ன்னு நாள் தள்ளினால் கட்டிக்குக் கொண்டாட்டம். உங்க தெருவுல யாருக்காவது சிகிச்சை நடந்தா, கூடப் போக ஒரு ஆள் இருந்தாலே பாதி நாள் தப்பாது. வேறு ஆஸ்பத்திரிக்கு மாறுவதாக இருந்தால், ரிப்போர்ட்டோட அந்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கோங்க. புதுசா ஒரு டெஸ்ட் பார்க்கணும்னா அவங்க முதல்ல கேட்கப் போறது அதைத்தான்.