தேக்கு வித்தவர் கேட்காத கேள்வி: மரம் வளர்க்கிறவங்க எங்க போய் என்ன கத்துக்கணும்?

ஜூலை மாசம், ரிட்டர்ன் ஃபைலிங் நெருக்கடி நேரம். தஞ்சாவூர் பக்கத்துல இருந்து ஒரு கிளையண்ட் வந்தார். அப்பா 25 வருஷம் முன்னாடி வெச்ச தேக்கு, 110 மரம், வித்தாச்சு. "4 லட்சத்து 80 ஆயிரம் வந்துச்சு சார், விவசாய வருமானம்தானே, வரி இல்லையே?"

நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி. மொத்தம் எத்தனை கன அடி?

அவருக்குத் தெரியல. வியாபாரி வந்தார், தோட்டத்தை ஒரு சுத்து சுத்தினார், மொத்தமா ஒரு தொகை சொன்னார், கை கொடுத்தாச்சு. வரப்புல மிச்சம் 14 மரம் நின்னுச்சு. அதை டேப் வெச்சு அளந்து வரச் சொன்னேன். சராசரி 9 கன அடி. 110 மரத்துக்கு 990 கன அடி. வகுத்துப் பாருங்க, கன அடிக்கு 485 ரூபாய்க்குக் கீழ. அதே மாசம் பக்கத்து ஊர்ல வித்தவர் ஆயிரத்துக்கு மேல வாங்கியிருக்கார். வியாபாரி விட்டுட்டுப் போனது சன்னமான மரங்களைத்தான், அதனால உண்மையான நஷ்டம் இன்னும் கூட இருக்கும்.

25 வருஷம் காத்திருந்த முதலீடு இது. மியூச்சுவல் ஃபண்ட்ல 0.5 சதவீத எக்ஸ்பென்ஸ் ரேஷியோவுக்குச் சண்டை போடுற நாம, மரத்தை அளக்காம விக்கிறோம்.

அந்த அளவுக் கணக்கை இங்கயே சொல்லிடுறேன். நம்ம ஊர் மர வியாபாரத்துல பரவலா இருக்கிறது கால் சுற்றளவு முறை. மரத்துண்டோட நடுப்பகுதி சுற்றளவை அங்குலத்துல எடுங்க. நாலால வகுத்து, வர்றதை அதாலயே பெருக்குங்க. அதை நீளத்தால (அடியில) பெருக்கி 144-ஆல வகுத்தா கன அடி. சுற்றளவு 40 அங்குலம், நீளம் 12 அடின்னா, 10 × 10 × 12 ÷ 144 = 8.33 கன அடி. ஆனா அந்தத் துண்டுல உண்மையில இருக்கிற மரம் 10.6 கன அடி. இந்த ஃபார்முலா எப்பவுமே சுமார் 21.5 சதவீதம் குறைச்சுத்தான் காட்டும். இது ஏமாத்து இல்ல, அறுக்கும்போது போற சேதாரத்துக்காக வந்த பழக்கம். ஆனா விலை பேசும்போது எந்தக் கன அடி, பட்டையோடவா பட்டை நீக்கியான்னு கேட்கத் தெரியணும். அதைக் கேட்டாலே எதிர்ல இருக்கிறவர் பேச்சு மாறும்.

சரி, இதெல்லாம் எங்க கத்துக்கிறது? யூடியூப்லன்னு சொல்லாதீங்க (நானே யூடியூபர்தான், இருந்தாலும்). கன்னு விக்கிறவங்க போடுற வீடியோவுல ஏக்கருக்குக் கோடி வரும். அவங்களுக்குக் கன்னு வித்த காசு இன்னைக்கே வந்துடும், நீங்கதான் 15 வருஷம் காத்திருக்கணும். 1990-கள்ல தேக்குப் பிளான்டேஷன் யூனிட் வாங்கிக் காசு விட்ட குடும்பம் உங்க தெருவிலயும் ஒண்ணு இருக்கும். அந்தக் கூத்துக்கு அப்புறம்தான் 1999-ல செபி கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கே விதிமுறை கொண்டு வந்துச்சு.

முதல்ல கோயம்புத்தூர். வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம், சுருக்கமா ஐ.எஃப்.ஜி.டி.பி. மத்திய அரசு நிறுவனம், ஆர்.எஸ்.புரம் வன வளாகத்துல இருக்கு. சவுக்குல நல்ல ரகக் குளோன்கள் உருவாக்கினவங்க இவங்க. மரம் வளர்ப்போர் மேளான்னு நடத்துவாங்க. விஞ்ஞானி, நர்சரிக்காரர், மரம் வாங்குற கம்பெனி எல்லாரையும் ஒரே இடத்துல பார்க்கலாம். அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோடது. ஆலைகளையும் விவசாயிகளையும் இணைக்கிற ஒப்பந்த மரச் சாகுபடியில இவங்களுக்கு நல்ல அனுபவம். "எந்த மரம் வைக்கலாம்"னு கேட்காம "என் ஊர்ல இருந்து 100 கிலோமீட்டருக்குள்ள எந்த மரத்தை யார் வாங்குறாங்க"ன்னு கேளுங்க. லாரி வாடகைதான் இந்தத் தொழில்ல லாபத்தைத் தின்னுற பெரிய பூதம்.

சந்தன ஆசை இருக்கிறவங்க பெங்களூரு மல்லேஸ்வரத்துல இருக்கிற மர அறிவியல் நிறுவனத்தோட (ஐ.டபிள்யூ.எஸ்.டி.) சந்தனப் பயிற்சி எப்போன்னு விசாரிங்க. கட்டணம் உண்டு, கொடுக்கலாம். சந்தனம் ஓர் அரை ஒட்டுண்ணி. பக்கத்துல துணைச்செடி இல்லாம தனியா நட்டா ஏறாது. இது தெரியாம ஏக்கர் கணக்குல நட்டு நொந்தவங்க இருக்காங்க. பட்டா நிலத்துல நீங்களே வளர்த்தாலும் வனத்துறை அனுமதி இல்லாம வெட்டவோ விக்கவோ முடியாது. மலைவேம்பு வேற கதை. பிளைவுட்டுக்குப் போகணும்னா முதல் ரெண்டு வருஷத்துல பக்கக் கிளையைக் கழிச்சே ஆகணும், முடிச்சு விழுந்தா விலை போச்சு. அப்புறம் காகித ஆலைகள். கரூர் பக்கம் டி.என்.பி.எல். மாதிரி ஆலைகளோட பண்ணைக்காடு பிரிவு ஆட்கள் தோட்டத்துக்கே வந்து பேசுவாங்க. சவுக்கு, தைலம் போடுறவங்களுக்கு இதைவிட நேரடியான வகுப்பு கிடையாது.

உள்ளூர்ல மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. வேளாண் துறையோட பசுமைப் போர்வை இயக்கத்துல மரக்கன்னு வாங்க உழவன் ஆப்ல பதிவு பண்ணலாம்.

இப்ப என் ஏரியா. அந்த 4.8 லட்சமும் ரொக்கமா வந்திருந்துச்சு. எனக்கு உண்மையில தூக்கம் கெட்டது இதுலதான். "விவசாயிக்கு கேஷ் கொடுக்கலாம் சார், சட்டமே இருக்கு"ன்னு வியாபாரி சொன்னாராம். பாதி உண்மை. அந்தச் சலுகை அவரோட செலவுக் கணக்குக்கு. வாங்கின உங்களுக்கு வருமான வரிச் சட்டத்துல தனிப் பிரிவு இருக்கு. ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது, விவசாய வருமானமா இருந்தாலும் சரி. மூணு நாளா பிரிச்சு வாங்கினாலும் பரிவர்த்தனை ஒண்ணுதான். அபராதம் வாங்கின தொகை அளவுக்கே போகலாம். 2017 நவம்பர்ல வந்த சுற்றறிக்கை 2 லட்சத்துக்குக் கீழ இருக்கிற ரொக்க விற்பனையைத்தான் பிரச்சினை இல்லன்னு சொல்லுது.

அடுத்தது, "மரம்னாலே வரி இல்ல"ங்கிற நம்பிக்கை. 1957-ல ராஜா பினய் குமார் சகஸ் ராய் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது, நிலத்தை உழுது, விதைச்சு, நட்டு வளர்த்த மரத்தோட வருமானம்தான் விவசாய வருமானம். தானா முளைச்ச காட்டு மரத்துக்கு அது பொருந்தாது. நீங்க நட்டீங்கன்னு 15 வருஷம் கழிச்சு எதை வெச்சுக் காட்டுவீங்க? கன்னு வாங்கின பில், கூலி நோட்டு, வருஷத்துக்கு ஒரு போட்டோ, அடங்கல்ல மரப் பதிவு.

சம்பளம் வாங்குறவங்க இன்னொண்ணும் பாருங்க. பழைய வரிமுறையில, 60 வயசுக்குக் கீழ, வரிக்கு உட்பட்ட சம்பளம் 10 லட்சம்னா வரி 1,12,500 (செஸ் தனி). அதே வருஷம் 20 லட்சத்துக்கு மரம் வித்தா, அந்த 20 லட்சத்துக்கு வரி இல்ல. ஆனா ஸ்லாப் கணக்குக்கு அதையும் சேர்ப்பாங்க, சம்பளத்து மேல வரி 2,25,000 ஆகிடும். வெட்டுறதை ரெண்டு மூணு வருஷமா பிரிக்க முடிஞ்சா இந்த அடி குறையும். மேட்டுப்பாளையத்துல இதைச் சொல்லித் தர மாட்டாங்க, அதனால நான் சொல்றேன்.

அந்த 14 மரத்தை அவர் இப்ப விக்கல. மகளோட சேர்ந்து ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் எழுதி, நெஞ்சு உயரத்துல, அதாவது நாலரை அடியில சுற்றளவு எடுத்து நோட்டுல குறிச்சு வெச்சிருக்கார். அடுத்த மேளாவுக்கு அந்த நோட்டோட கோயம்புத்தூர் போறதா சொன்னார்.